சுகந்தி அக்கா வைத்த இருபத்தைந்து

இதனால் சகலருக்கும் அறியத்தருவது: எமது கணினி அறையின் மூத்த உறுப்பினரான மின்விசிறி, நீண்டகாலத் தலைசுற்றலின் பின் நேற்று மூச்சை நிறுத்திக்கொண்டது.

இந்த அறிவித்தலைக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றபோதுதான் சுகந்தி அக்காவின் ஊரான தன்னாமுனையிலிருந்து தொலைபேசி வந்தது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அக்காவை இராணுவச் சோதனைச் சாவடியில் இரண்டு மணிநேரம் மறித்து வைத்திருந்தார்களாம். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. ஒட்டியதைக் கிழித்தேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். போரில் இடம்பெயர்ந்து முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியலை இணையத்தில் போட்டு, அது ஓடும் சேவர் கணினியைப் பராமரித்தவர் அவர். கட்டாரில் இருக்கும் மகன் தாயைத் தேடுவது அதில்தான். பெயர்களைத் தட்டச்சு செய்தது நான். சேவர் விடயத்தில் அக்காவுக்கு அடுத்த ஆள் நான்தான் என்பது பக்கத்து ஊர் அமிர்தகழி வரை தெரியும். நானே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

சேர்ந்த வாரமே கேட்டேன்: "என்னக்கா, ஒரே நேரத்தில இருபத்தஞ்சு பேரைக் கவனிக்க இருபத்தஞ்சு திரெட்தானா? இது சேவரா, சின்னப்பிள்ளைட சைக்கிளா?"

"டேய், டேட்டாபேஸ் இருபது இணைப்புத்தான் தாங்கும், மிச்சம் அஞ்சு வரிசையில நிக்க. வாவியில ஓடுற பாதைப் படகில இருபது பேர் ஏறலாமெண்டா, முந்நூறு பேரை ஏத்தினா என்ன நடக்கும்? தாண்டு போகும். மத்தவங்க கரையில கொஞ்சம் நிக்கட்டும். மறுகா எல்லாரும் போய்ச் சேருவாங்க."

அந்த இலக்கங்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொன்றாக ஏற்றியும் இறக்கியும் பார்த்து, பக்கம் திறக்கும் நேரத்தைக் கொப்பியில் குறித்து, மூன்று நாள் மாய்ந்து கண்டுபிடித்தவை.

இரங்கல் கூட்டத்தில் எங்கள் நிலைய நிர்வாகி ஐயா சொல்கிறார்: "கெட்டிக்காரப் பிள்ளை. அந்த ஒருநாள் பிழையை நாம மறப்பம்."

எந்தப் பிழை ஐயா? புதிய முகாம்களின் பட்டியலை ஏற்றிய அன்று சேவர் படுத்ததா? யாரோ திரெட்டையும் இணைப்பையும் முந்நூறாக்கியிருந்தார்கள். நினைவகம் நிரம்பி, அரைநாள் ஒரு பெயர்கூடத் திறக்கவில்லை. "ஒரு இலக்கத்த ஒழுங்கா வைக்கத் தெரியாதா பிள்ளை?" என்று எல்லோர் முன்னும் கத்தினீர்கள். அக்கா கணினியின் முன் குனிந்து பழைய இலக்கங்களைப் போட்டார். பத்து நிமிடத்தில் சேவர் எழும்பியது. சாவடியில் மறித்தவர்களும் மன்னிப்புக் கேட்கவில்லை, கத்தியவரும் கேட்கவில்லை. இறந்த பிறகு அவருக்கு மன்னிப்பு வழங்குகிறீர்களா?

அந்த 'யாரோ' நான்தான். அக்கா சாப்பிடப் போன நேரம் மாற்றினேன். அந்த இலக்கங்கள் இருக்கும் அமைப்புக் கோப்பில் 'இனிப் பறக்கும்' என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். அதைக் கண்ட அக்கா அழித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "சும்மா இரிடா. சொன்னியெண்டா உன்ன வேலையால நிப்பாட்டிப் போடுவாங்க. போய்ப் பேர அடி."

ஐயா, நிற்பாட்டுவதென்றால் நிற்பாட்டுங்கள். பிழையை அவர் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

போய் வாருங்கள் அக்கா. சேவரை எழுப்பியதே நான்தான் என்று ஊரெல்லாம் அளந்தேன். நீங்கள் குனிந்து இரண்டையும் ஐந்தையும் அழுத்தியபோது நான் செய்த ஒரே வேலை, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது.