என்னை மட்டும் கடித்த பிரிட்ஜ்

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் முதன்முதலில் என்னைக் கடித்தபோது எனக்கு ஏழு வயது. கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம்.

அதுவரை அந்தப் பிரிட்ஜால் வீடே அடிக்கடி இருண்டுபோகும். மெயின் சுவிட்ச் டப்பென்று விழும், விசிறி நிற்கும், கைக்குழந்தையான தம்பி வீறிடுவான். ரிப்பேர் ஆளைக் கூப்பிடுங்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்தார். அங்கே யாரிடமோ யோசனை கேட்டு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக்கைக் கழற்றி என்னவோ செய்தார். பிறகு சுவிட்ச் விழவே இல்லை.

"இதுக்குப் போய் ஆள் கூப்பிடணுமாலா?" என்று அப்பா பெருமையாகக் கேட்டார்.

மறுநாள் தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போனேன். கதவின் துருப்பிடித்த ஓரத்தில் கை பட்டதும் விரலிலிருந்து முழங்கைவரை சுரீரென்றது. அலறிக்கொண்டு ஓடினேன். அம்மா வந்து கதவைத் திறந்து மூடினார். அப்பாவும் தட்டிப் பார்த்தார். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஒரு வேலை சொல்லிடக் கூடாது. உன்னைய மட்டும் எப்படிடி கரண்ட் அடிக்கும்?" என்றார் அம்மா.

எனக்கும் அதுதான் புரியவில்லை. உள்ளே இருப்பது எதுவோ, அதற்கு என்னைத்தான் பிடிக்கவில்லை என்று முடிவுசெய்தேன். அது உறுமத் தொடங்கினால் சமையலறைப் பக்கமே போகமாட்டேன். தாகம் எடுத்தால் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொள்வேன்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி தவழக் கற்றுக்கொண்டான். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பழப் பொம்மைகள்மேல் அவனுக்கு ஒரே ஆசை. அவனையும் அதற்குப் பிடிக்காமல் போனால்? அவன் பின்னாலேயே அலைந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பிரிட்ஜின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகித் தரையில் தேங்கியிருந்தது. அம்மா துடைக்கத் துணி எடுக்கப் போயிருந்தார். நான் பார்த்தபோது தம்பி அந்தத் தண்ணீரில் உட்கார்ந்து கதவை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். அவன் முகம் தரையில் மோதி, உதடு கிழிந்து ரத்தம் வந்தது. திரும்பி வந்த அம்மா என் முதுகில் ஓர் அறை வைத்தார்.

சத்தம் கேட்டு அப்பா கூடத்திலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தார். தம்பியைத் தூக்கக் குனிந்தவர் பிரிட்ஜில் கையை ஊன்றினார். மறுகணம் உடம்பு உதறிப் பின்பக்கமாக விழுந்தார்.

"யாரும் தொடாதீங்க!"

அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. எழுந்து தடுமாறிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எப்போ இருந்தும்மா அடிக்குது?" என்றார்.

"வீடு இருட்டாவறது நின்னதுல இருந்துப்பா."

அப்பா பிளக்கைத் திறந்தார். உள்ளே பச்சை எர்த் கம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வெட்டிவிட்டபடியே இருந்தது. மின்சாரம் கசியும்போதெல்லாம் சுவிட்சை விழவைத்து எங்களைக் காப்பாற்றி வந்தது அந்தக் கம்பிதான். அம்மா அப்பா இருவரும் ரப்பர் செருப்பு இல்லாமல் சமையலறைக்குள் வருவதில்லை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றவள் நான் ஒருத்திதான். இதெல்லாம் பல வருடம் கழித்து நானாகத் தெரிந்துகொண்டது.

அன்று அம்மா தம்பியின் உதட்டுக்கு பிரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுக்கப் பயந்து ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தார். அப்பா தரையிலேயே உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டார். என் பாதங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுக்கைத் தேடுகிறார் என்று நினைத்து எனக்கு மறுபடியும் பயம் வந்தது.

"காலையிலயே கழுவிட்டேன்பா" என்றேன்.

அவர் பாதத்தை விடவில்லை.