கிராம்பு மென்றவர்

ஷிஃப்டுக்கு முன் எங்கள் காண்டிராக்டரின் ஷெட் வாசலில், குடிக்கவில்லை என்று மெஷினில் ஊதிக் காட்ட வேண்டும். எந்நேரமும் கிராம்பு மெல்லும் ஒரு சிடுமூஞ்சி அதை நீட்டுவார். மூன்றாம் முறை நான் மாட்டியபோது வேலையே போய்விட்டது.

நெய்வேலியில் குடியை விட உதவும் கூட்டம் எங்கே நடக்கிறது என்று என் மனைவிதான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை போனால், வாசலில் அதே சிடுமூஞ்சி. பழக்கதோஷத்தில் குனிந்து அவர் முகத்துக்கு நேரே ஊதிவிட்டேன். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“இங்க ஊத வேணாம்பா. உள்ள போய் உக்காரு.”

“என் பொழப்பக் கெடுத்துட்டு இங்கயும் வந்து நின்னுகினு இருக்கியா?”

அவர் வாயில் அன்று கிராம்பு இல்லை.

“அப்பல்லாம் நானும் குடிச்சிகினுதான் இருந்தேன். என்னைய ஊதச் சொல்லத்தான் ஆளில்ல.”

கை ஓங்கினேன். அவர் நகரவில்லை.

இன்றுவரை நான் அவரை மன்னிக்கவில்லை. ஆனாலும் வாராவாரம் அவர் பக்கத்து நாற்காலியில்தான் போய் உட்காருகிறேன்.