பின்சுவர் ஸ்பீக்கரும் மாமாவின் இடது காதும்

சென்ற திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. அம்பத்தூரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் மேலாளர் மேசையில்தான் தொலைபேசி இருக்கிறது. அதுவரை எனக்கென்று ஒரு அழைப்பும் வந்ததில்லை. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். "பாப்பா, ஏகாம்பரம் அண்ணாத்தே பூட்டாரும்மா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் வந்தாரு" என்றார். நான் "சரிங்க" என்று மட்டும் சொல்லி ரிசீவரை வைத்தேன்.

ஏகாம்பரம் அவர்கள் என் அக்கா கஸ்தூரியின் கணவர், எனக்கு மாமா. வயது நாற்பத்தாறு. தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் எந்திரத்தில், இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். அவருடைய தோழர்கள் தங்கள் சங்க மலருக்காக அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "நீதானேம்மா ஊட்ல படிச்சவ" என்றார்கள். கூலிக்கு நடவு நட்ட குடும்பத்திலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு நசரத்பேட்டையில். அங்கிருந்து கல்லூரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். மாமா வீடு நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதால் மூன்று வருடம் அங்கே தங்கிப் படித்தேன். பெட்டியோடு போய் இறங்கிய அன்று, "இன்னா படிக்கப் போற?" என்று கேட்டார்.

"இயற்பியல் மாமா. வெளிச்சம், சத்தம், கரண்ட்டு, இதெல்லாம்."

"சத்தமா? அத்ததான் எங்க கம்பெனில தெனம் எட்டு மணி நேரம் படிக்கிறமே" என்றார்.

முதல் மாதத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். காலையில் இருவரும் சேர்ந்து ஸ்டேஷனுக்கு நடப்போம். நான் எந்தப் பக்கம் நடந்தாலும் சற்று நேரத்தில் அவர் எனக்கு வலப்பக்கம் வந்துவிடுவார். ரயிலில் வலது தோள் சன்னலில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அவருடைய இடது காது எப்போதும் மனிதர்கள் பக்கம் இருக்கும். ஏன் என்று நான் கேட்கவில்லை. மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

பிரஸ் ஷாப் இரைச்சலில் வாய்க்கு வேலை கிடையாது, கைதான் பேசும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எண்ணெய் ஊற்று என்பதற்கு ஒரு சைகை, மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தடவுவது. வீட்டிலும் மாமா தண்ணீருக்குக் கட்டை விரலைக் காட்டுவார். "இது ஊடு. வாயத் தொறந்து கேளுய்யா" என்பார் அக்கா.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கொஞ்ச நாளில் மாமா ஒரு யோசனை சொன்னார்: டிவியோடு நாலு ஸ்பீக்கர் இணைக்க வேண்டும், நாலு மூலையிலிருந்தும் சத்தம் வர வேண்டும்.

"பத்துக்குப் பத்து ரூம்பு. இதுல நாலு பொட்டியா? நாங்க எங்க குந்துறது?" என்றார் அக்கா.

"தேட்டர்ல சத்தம் நம்மள சுத்திகினு வருதில்ல, அப்டி வரும் கஸ்தூரி. நீ பாரேன்."

அவரோடு வேலை செய்த சேகர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்ப்ளிஃபயர் செய்து தருபவர். ஒரு ஞாயிறு காலை எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வயர் நுனிகளைச் சீவித் தரும் வேலை எனக்கு. டிவியைத் திருப்பி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "இத்தோட முதுவுல பாரு அண்ணாத்தே, சத்தம் வர்ற ஓட்ட ஒண்ணுதான் கீது, வெள்ளையா. நம்ம ஆம்ப்ளிஃபயருக்கு லெஃப்ட்டு, ரைட்டுன்னு ரெண்டு வேணும்." ஒரு தலையும் இரண்டு வாலுமாக இருந்த ஒரு வயரை எடுத்துச் செருகினார். ஒரே சத்தம் இரண்டாகப் பிரிந்து உள்ளே போயிற்று.

முன்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கருக்கும் வழக்கம் போல ஆம்ப்ளிஃபயரில் ஒரு சிவப்பு முனை, ஒரு கறுப்பு முனை. பின்சுவர் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் கறுப்பே கிடையாது என்றார். லெஃப்ட்டின் சிவப்பில் புறப்படும் வயர் பின்சுவர் ஸ்பீக்கர் இரண்டையும் கடந்து ரைட்டின் சிவப்பில் போய் முடிந்தது. "ரிச்சி தெருவுல ரேடியோ கட வெச்சிருக்குற ஒருத்தர் வரஞ்சி குடுத்தாரு. இத்தான் சரவுண்டு."

முதலில் டேப் ரிக்கார்டரை இணைத்துப் பாட்டு கேசட் போட்டுப் பார்த்தோம். அதிசயமாக இருந்தது. பின்சுவரிலிருந்து வயலினும் தபலாவும் வந்தன. பாடுகிறவர் குரல் மட்டும் வரவில்லை.

"பாடுறவரு எங்க பூட்டாரு?" என்றார் அக்கா.

"அவரு முன்னாடி கீறாரு அண்ணி. பின்னாடி மேளக்காரங்க மட்டும்தான்."

ஏன் அப்படி என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. கேட்க வாய் வரவில்லை. பிறகு டிவி வயரை மாட்டினார்கள். முன்னால் இருந்த இரண்டும் அதிர்ந்தன. வாசலில் கூடியிருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். சேகர் அண்ணன் மாமாவைப் பின்மூலை நாற்காலியில் உட்காரவைத்து, சரியாக அவருடைய இடது காது உயரத்துக்கு ஆணி அடித்து ஒரு ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மாமா மாறிப்போனார். டிவி ஓடும்போது அந்த மூலையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். நாங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து சிரித்தால், ஒரு கணம் கழித்து அவரும் சிரிப்பார். அந்த ஒரு கணத்தை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். சேகர் அண்ணன் வந்து, "இன்னா அண்ணாத்தே, எப்டி கீது சரவுண்டு?" என்று கேட்டால், "சூப்பரா கீது மச்சான்" என்பார்.

மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிறு பிற்பகல் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மாமா ஒரு முழுத்தாள் வாங்கி வந்து என்னிடம் நீட்டினார். "ஒரு லெட்டர் எழுதணும்மா. கம்பெனிக்கு. அக்காவாண்ட சொல்லாத."

"என்னன்னு எழுதட்டும் மாமா?"

"ரெண்டு காதும் போச்சுன்னு எழுது. பிரஸ்ஸுல நிக்க முடியாது, கேட்டுல வாட்ச்மேனா ஒக்கார வெச்சா போதும்னு எழுது. இல்லன்னா கணக்க முடிச்சி அனுப்பிடுங்கன்னு எழுது."

அப்போதுதான் சொன்னார். வலது காது போய் ஆறு வருடம். பிரஸ் அடித்து அடித்துப் போயிற்று. கம்பெனிக்குத் தெரிந்தால் எந்திரத்திலிருந்து இறக்கிவிடுவார்கள், பிரஸ் ஆப்பரேட்டர் என்ற பெயர் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாலு ஸ்பீக்கர் கேட்டதும் தியேட்டர் ஆசையால் அல்ல. டிவி சத்தத்தைக் கூட்டினால் அக்கா ஏன் என்று கேட்பார். நல்ல காதுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

"இப்ப அதுவும் பூடுச்சிம்மா. ஸ்பீக்கராண்டயே காத வெச்சிகினு குந்திகினு கீறேன். ஒண்ணுமே வர்ல. முன்னாடி ஓடுறதுதான் கெணத்துக்குள்ள மாதிரி கேக்குது."

"நான் பேசறது கேக்குதே மாமா?"

"உன் மூஞ்சியப் பாத்துகினு பேசறேன். எது காது, எது கண்ணுன்னு எனக்கே தெரில."

நான் "அனுப்புநர்" என்று எழுதி, அவர் பெயரையும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. எழுந்து பின்மூலைக்குப் போனேன். அந்த நாற்காலியில் அதுவரை வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து, ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்ட வைத்தேன். ஒரு இரைச்சல்கூட இல்லை.

"மாமா, எனக்கும் கேக்கல."

"என்னத் தேத்தாத."

"மெய்யாலும்தான் மாமா." துணி துவைத்த கையோடு அக்காவை இழுத்து வந்தேன். அவர் காதை வைத்துப் பார்த்தார். "இது செத்துக் கெடக்குது" என்றார்.

"கேசட்டுக்கு வந்துச்சே" என்றார் மாமா.

கேசட் என்றதும் பின்னால் வராத அந்தப் பாடகர் குரல் நினைவுக்கு வந்தது. கடிதத்தாளைத் திருப்பி, வயர் போகிற வழியை வரைந்து பார்த்தேன். இரண்டு சிவப்பிலும் சமமாக வருகிற சத்தம் பின்சுவருக்குப் போகாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் போகும். கேசட்டில் வாத்தியங்கள் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்; பாடுகிறவர் இரண்டிலும் சமமாக இருந்தார், அதனால் பின்னால் அவர் இல்லை. டிவியில் வருவதோ ஒரே சத்தம். இரண்டு வாலாகப் பிரித்தாலும் இரண்டிலும் அதேதான். வித்தியாசமே கிடையாது. மூன்று வாரமாக அந்த ஸ்பீக்கருக்குப் பேச ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ரைட்டின் சிவப்பில் முடிந்த வயரைக் கழற்றிக் கறுப்பில் மாட்டினேன். மாமாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

ஏதோ சோப்புத்தூள் விளம்பரம். மாமா சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் காதைத் திரும்பவும் ஸ்பீக்கரிடம் கொண்டுபோனார். அந்த விளம்பரத்தையும், அடுத்த விளம்பரத்தையும், அதற்கடுத்த வானிலை அறிக்கையையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"கடலோரத்துல மழ பெய்யுமாம்" என்று எங்களிடம் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அக்கா ஈரக்கையோடு நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் போனார். கடிதம் போகவில்லை. மறுநாள் முதல் மாமா இடது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாமல் எந்திரத்தின் முன் நின்றதில்லை. "ஒண்ணு கீது. அத்த காபந்து பண்ணிக்கணும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அந்தக் காது கடைசி நாள் வரை இருந்தது.

திங்கட்கிழமை நான் நெமிலிச்சேரி போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பிரஸ் ஷாப்பிலிருந்து அவருடைய தோழர்கள் ஷிஃப்டை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார்கள். சேகர் அண்ணன் குனிந்து, "அண்ணாத்தே, இன்னா இது, சொல்லாம கொள்ளாம" என்று பேசினார். அவருக்குப் பின்னால் மேஸ்திரி நின்றார். பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடைக்காரர், தெருப்பெண்கள் எல்லோரும் வரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, அவருடைய இடது காதுக்கு நேராக வாயை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். எல்லோருமே அவருடைய இடப்பக்கம் நின்றிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆறு வருடம், அதற்கு மேலும் சில வருடங்கள், அவர் மறைத்து வைத்திருந்ததாக நம்பிய விஷயம் மேஸ்திரி உட்பட அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஆணி அடிக்குமுன் சேகர் அண்ணன் எந்தக் காது என்று கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இடப்பக்கம் எனக்கு இடமில்லை. வலப்பக்கம் காலியாக இருந்தது. அங்கே போய்த் தனியாக நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, வாழ்க்கையில் முதன்முறையாக நாலு பேர் முன்னால் குரலை உயர்த்திச் சொன்னேன்.

"போயிட்டு வாங்க மாமா."