அந்தக் கைதட்டல்

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். மூன்று வருடங்களுக்கு முன்பு புதுக்கடை என்ற ஊர்ப் பக்கம் ஒரு சபை மண்டபத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பெண்கள் கூட்டம். தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று நான் பேச வேண்டும்.

முந்தின கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அதனால் இந்த முறை, மூச்சு முட்டுவது போல ஒருவர் நடித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர, யாரும் எழவில்லை. சரி, கூச்சம் போனதும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து நடிக்கலாம் என்று சொல்லிவிட்டுத் திரையில் படங்களை ஓட்டினேன். நடுவில் சாயாவும் பழம்பொரியும் வந்தன. நான் பேச்சை நிறுத்தவில்லை. மைக் கிடைத்தால் விடாத ஆள் நான்.

கொஞ்ச நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு அக்கா எழுந்தார். திரையில் இருந்த படத்தைப் போலவே இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க, இப்படித்தான்" என்றேன். மண்டபமே கைதட்டியது.

"ஏட்டி, நீ இவ்வளவு நல்லா நடிப்பியா?" என்று பக்கத்தில் இருந்தவர் சேலையைப் பிடித்து இழுத்தார்.

அந்த அக்கா சிரிக்கவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தமே இல்லை. முழுசாக அடைத்தால் இருமல்கூட வராது என்று சற்று முன்புதான் நானே சொல்லியிருந்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்போதும் சிலர் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். குனியவைத்து முதுகில் ஐந்து தட்டு. ஒன்றும் வரவில்லை. பின்னால் நின்று வயிற்றைச் சுற்றிக் கைகோத்தேன். எத்தனையோ மேடையில் சொன்னதுதான், நிஜ உடம்பில் செய்வது அதுதான் முதல் முறை. ஆண்டவரே, நானே கொன்றுவிட்டேனா என்று நினைத்தேன். நாலாவது அழுத்தலில் பழம்பொரித் துண்டு தெறித்து விழுந்தது.

மூச்சு வந்ததும் அந்த அக்கா என் கையை விடவேயில்லை. "நான் சாவக் கெடக்கேன், நீங்க கையத் தட்டுதியளே மக்கா" என்று அழுதார். நானும் அழுதேன். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

இப்போதும் நடிக்கத்தான் சொல்கிறேன். இரண்டிரண்டு பேராக எல்லோரையும் எழுப்பிச் செய்யவைக்கிறேன். ஆனால் நடிப்பவர் கையில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்க வேண்டும். ரிப்பன் இல்லாமல் யார் கழுத்தைப் பிடித்தாலும் உடனே ஓட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் சாயா. கடைசியில் எல்லோரும் கைதட்டும்போது மட்டும், வரிசை வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.