கணக்குப்பிள்ளையின் கம்மிக் கல்

எடைக்கல்லைத் தூக்குவதற்கு முன்னால் பஞ்சாட்சரம் அதற்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்வார். கோணியை நாலாக மடித்துத் தரையில் போட்டு, வளையம் வைத்த அந்த இரும்புக் கல்லை அதன்மேல் உட்காரவைத்து, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மூச்சை இழுத்து நிற்பார். தொப்பை மட்டும் அவருக்கு ஒரு சாண் முன்னால் போய் நிற்கும்.

"கும்புட்டது போதும், தூக்குங்க. அது இன்னா சாமியா?" என்பாள், கட்டிலில் கிடக்கும் அவர் மனைவி வள்ளியம்மாள்.

ஆம்பூர்த் தோல் மண்டி ஒன்றில் அவர் கணக்குப்பிள்ளை. தோல்கட்டை மற்றவர்கள் தூக்கித் தராசில் வைப்பார்கள். இவர் சம்மணமிட்டு உட்கார்ந்து எடையை எழுதுவார். "வூட்ல சோறு போடலியாப்பா?" என்று அவர்களைக் கேலி செய்வதும் உண்டு. இப்போது அந்தக் கேலியை விட்டுவிட்டார்.

போன ஆடியில் ஒரு காய்ச்சல் வந்து வள்ளியம்மாளின் இரண்டு காலும் விழுந்துபோயின. வேலூர் ஆஸ்பத்திரியில் இனி நடை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளைத் தூக்கிப்போய்க் கிணற்றடியில் குளிப்பாட்டி வந்தவள் அடுத்த வீட்டு ரங்கம்மாள். வாட்டசாட்டமான மனுஷி. அவள் புருஷனுக்குக் கோலார் தங்கவயலில் வேலை கிடைத்து, பொங்கல் கழிந்ததும் குடும்பம் புறப்படுவதாக இருந்தது. வேறு ஆள் வைக்கலாமென்றால் வள்ளியம்மாள் ஒரே பிடிவாதம்.

"கண்டவங்க என் ஒடம்பைத் தொட வாணாம். முடிஞ்சா நீங்க தூக்குங்க. இல்லாட்டி இப்டியே கெடக்கறேன்."

தூக்கிப் பழகத் தொடங்கிய முதல் நாள் ஐயா வீரத்தோடு மண்டியின் பெரிய கல்லிலேயே கைவைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு, பற்றுப் போட்டுப் படுத்தார். புருஷன் பெண்சாதி இருவருக்கும் ரங்கம்மாளே கஞ்சி ஊற்றினாள். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. அப்புறம் முதலாளி ஆபித் பாஷா, தேய்ந்து எடை குறைந்ததென்று ஒதுக்கிவைத்த சின்னக் கல் ஒன்றைக் கொடுத்தார்.

"கம்மி கல்லு, பிள்ளே. யாவாரத்துக்கு ஆவாது, ஒமக்கு ஆவும். ஜல்தி வாணாம்."

மண்டியில் சும்மா கிடந்த சைக்கிளையும் தந்தார். தூக்குகிற பலம் தொடையில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஆரம்பத்தில் பஞ்சாட்சரம் அதில் ஏறவே இல்லை. கூடவே பிடித்துக்கொண்டு பாலாற்றங்கரை வரை நடந்து போய்த் திரும்பினார். "பிள்ளை சைக்கிளை மேய்க்கப் போறாரு" என்று தெரு சிரித்தது. ஏறிய பிறகோ தோல் வண்டி மாடுகள் அவரை முந்திக்கொண்டு போயின. மூச்சு வாங்கினால் இறங்கிவிடுவார். மறுநாள் அடுத்த புளியமரம் வரை மிதிப்பார். கல்லும் அப்படியே சின்னதிலிருந்து பெரியதாக வளர்ந்தது. தொப்பை குறையவில்லை. ஆனால் அதைச் சுமக்கிற தெம்பு வந்துவிட்டது.

வாத்தியார் வள்ளியம்மாள்தான். "முதுகை வளைக்காதீங்க. முட்டியை மடக்கி எழுந்திரிங்க." தன்னைத் தூக்கும்போது ரங்கம்மாள் எப்படிக் குனிகிறாள் என்று நாள்தோறும் பார்த்துப் படித்த பாடம் அது.

எவ்வளவு தேறியும் அவளைத் தூக்க மட்டும் அவருக்குத் துணிவில்லை. கல் நழுவினால் கோணி தாங்கும். அவள் நழுவினால்? "நாளைக்குப் பார்க்கலாம்" என்றே தள்ளிக்கொண்டு வந்தார். பொங்கலும் போயிற்று. ஒரு நாள் விடிந்ததும் ரங்கம்மாளின் சட்டி பானைகள் வண்டியேறின.

அன்றும் கல்லைத் தூக்கி இறக்கினார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியது.

"போய்ட்டாளா?"

"போய்ட்டா."

பஞ்சாட்சரம் குனிந்து, மடித்த கோணியை எடுத்துவந்து கட்டிலுக்குக் கீழே சரியாக விரித்தார். வள்ளியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"நான் இன்னா கல்லா? எடுங்க அதை."

அவர் காலாலேயே கோணியைத் தள்ளிவிட்டு முட்டியை மடக்கினார். வள்ளியம்மாள் இரண்டு கையையும் நீட்டி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.