லாவண்டர் கடைக்கு மாமனார் வைத்த கெடு

எல்லாக் கடையிலும் சரக்கைக் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். சென்ட் கடையில் மட்டும் பாதிச் சரக்கை மூக்காலேயே அனுபவித்துவிட்டு, "நாளைக்கு வரேன்" என்று போவார்கள். நீங்களும் கடை வைத்துக் காய்ந்தவராக இருந்தால், அந்த நாளை எந்த நாளை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கெடு

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சீமை லாவண்டர் சென்ட் கப்பலேறி வருவது நின்றுபோயிருந்தது. பட்டணத்தில் ஒருவர் லாவண்டர் எண்ணெயோடு ஆரஞ்சுத் தோல், அன்னாசி எசென்ஸ் எல்லாம் சேர்த்து ஆண்களுக்கென்றே ஒரு சென்ட் கலந்து தந்தார். சின்ன பாட்டிலில் ஊற்றி விற்றால் நாலணா. கூலிக்காரனும் வாங்கலாம். கையிலிருந்ததையெல்லாம் போட்டுத் தகரம் தகரமாக வாங்கி, திருத்தணி மலையடிவாரத்தில் கடை திறந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி அது. வழக்கப்படி என் மனைவி சரசுவை மணவூருக்கு அழைத்துப் போக மாமனார் வந்தார். எனக்குத் தாய்மாமனும் அவர்தான். நெல்லையும் கரும்பையும் தவிர வேறு எதையும் தொழில் என்று ஒப்புக்கொள்ளாத மனிதர். தகரங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் சுளித்தார். பிறகு சரசுவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "ஆம்பளைன்னா வேர்வை நாத்தம் அடிக்கணும்டா. ஆடி முடியறதுக்குள்ள இத்தையெல்லாம் வித்துக் காட்டு. இல்லன்னா கடையைச் சாத்திட்டு எங்க ஊட்டுக்கு வந்து ஏர் புடி. அதுவரைக்கும் பொண்ணு அங்கதான் இருப்பா."

அரை மீசை

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. சரசு இல்லாத வீட்டில் சோறு ஆக்கவும் ஆளில்லை என்பது வேறு விஷயம். இந்த லட்சணத்தில் தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவர் தினமும் காலையில் வந்து நிற்பார். பெரிய மீசை. "சாம்பிள் பாக்கலாமா?" என்பார். தடவுவேன். இரண்டு பக்கமும் முறுக்கி விட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போவார். மறுநாளும் சாம்பிள் பார்ப்பார்.

ஒருநாள் எனக்கு வந்ததே கோபம்! வலது பக்க மீசைக்கு மட்டும் தடவிவிட்டு மூடியைத் திருகினேன். "இந்தப் பக்கம் சாம்பிளுங்க. அந்தப் பக்கத்துக்கு பாட்டில் வாங்கணும்" என்றேன். முறைத்துக்கொண்டு போனார். இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மத்தியானமே வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். "இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற? இந்தப் பக்கம் வந்தவன் நிக்கறான், அந்தப் பக்கம் வந்தவன் நகர்றான். எடு ஒரு பாட்டில்!"

மாட்டுக்குப் பிடித்தது

திருவாலங்காட்டு விவசாயி முனுசாமி முதல் வாரத்திலேயே ஒரு பாட்டில் வாங்கியவர். மூன்றாம் நாளே ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். விடியற்காலையில் சென்ட் போட்டுக்கொண்டு பால் கறக்க உட்கார்ந்திருக்கிறார். மாட்டுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. விட்டது ஒரு உதை. பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாமனார் காதுக்கு இது போனால் அன்றைக்கே நான் ஏர் பிடிக்க வேண்டியதுதான். ஒரு துணியில் சென்ட்டை நனைத்து, "மாட்டுத் தொட்டி பக்கத்துல கட்டி வையுங்க, பழகிக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

பழகித்தான் போயிற்று. ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து நின்றார். இந்தத் தடவை நன்றாகவே நடந்தார். "மாடு இப்ப என்னைக் கண்டா தானா வந்து நிக்குதுங்க. ஆனா என் பொண்டாட்டியைக் கிட்ட சேத்துக்க மாட்டேங்குது. அவளுக்கும் ஒரு பாட்டில் குடுங்க."

பெண் பார்த்த குரங்கு

அரக்கோணத்தில் ரயில்வே பிட்டராக இருந்த ஒரு பையன், மலைமேல் பெண் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கால் பாட்டிலைச் சட்டையில் கொட்டிக்கொண்டு படியேறினான். நம் மலைக் குரங்குகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பழ வாசனை வந்தது, பழத்தைக் காணோம். கடுவன் ஒன்று பெண்வீட்டார் முன்னிலையிலேயே அவன் தோளில் ஏறி, சட்டைப் பையை முகர்ந்து, உள்ளே கைவிட்டு, பையைக் கிழித்தே பார்த்துவிட்டது.

கிழிந்த சட்டையோடு அவன் என் கடையை நோக்கி வருவதைப் பார்த்ததும், பின்வாசல் இல்லாத கடையை வாடகைக்குப் பிடித்த என் புத்தியை நொந்துகொண்டேன். அவன் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான். "குனிஞ்ச தலை நிமிராம இருந்த பொண்ணு, குரங்கைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிட்டாங்க. சம்மதமாம்! கல்யாணத்துக்கு ஒரு டஜன் வேணுங்க. ஆனா கல்யாணத்தைக் கீழ சத்திரத்துல வச்சிக்கிறோம்."

மொட்டை

இவ்வளவு விற்றும் தகரங்கள் பாதிகூடக் காலியாகவில்லை. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. காவடிக் கூட்டத்தில் ஊர் திணறியது. பக்கத்துக் கடை ரங்கைய்யா நாயுடு தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் விற்பவர். கூட்டத்தை நம்பி அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தார். காலையில் மொட்டை அடித்துக்கொண்ட ஒருவர் தலையில் கத்தி பட்ட கீறலோடு என்னிடம் தண்ணீர் கேட்டார். நான் லாவண்டரைப் பஞ்சில் தொட்டுத் தலையில் ஒற்றினேன். "ஸ்ஸ்ஸ்!" என்று துள்ளினார். அடுத்த நொடி கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ, ஜில்லுனு கீதே!" என்றார். போய்த் தன் ஊர் மொட்டைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்புறம் எனக்குத் தலை நிமிர நேரமில்லை. எதிரே வரிசையாகத் தலைகள்தான். நாயுடுவின் கடையில் ஈ ஓட்டவும் ஆள் இல்லை. சாயங்காலம் அவர் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "முடி குடுக்கிற ஊர்ல வந்து முடிக்கு எண்ணெய் விக்கிறேனே, எனக்கு இத்தினி நாளா புத்தி எங்க போச்சு நைனா?"

காது

மறுநாள் காலையில் மாமனார் வந்தார். அவரும் மொட்டை. தகரங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் கணகணவென்றன. "ஒரு சொட்டு இல்ல மாமா!" என்றேன். என் மார்பு அன்றைக்கு இருந்த அகலத்துக்குச் சட்டை தைக்க முடியாது.

அவர் முகம் மலரவில்லை. "மொட்டை போட்டுகினு சாமி பாக்க வரிசைல நின்னேன். முன்னாடி மொட்டை மணக்குது, பின்னாடி மொட்டை மணக்குது. நடுவுல நான் ஒருத்தன்தான் நாறிகினு நின்னேன். எனக்கு ஒண்ணு எடு" என்றார். எங்கே எடுப்பது? கழுவி ஊற்றக்கூட மிச்சமில்லை. அவர் குரல் ஏறியது. "பொண்ணு குடுத்த மாமனுக்கு ஒரு பாட்டில் எடுத்து வைக்கத் தெரியாதவன், பொண்ணை எப்படிடா வச்சிக் காப்பாத்துவே?"

பந்தயத்தில் ஜெயித்தும் பெண்டாட்டியைக் கோட்டை விடப் போகிறேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழி தெரியவில்லை. என் காது மடலில் செருகியிருந்த சென்ட் பஞ்சை எடுத்து அவர் காதில் செருகினேன். கையைத் தட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். தட்டவில்லை. மூச்சை மெல்ல இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தவர், நின்று திரும்பினார். "ஆவணி பொறந்ததும் சரசுவை இட்டுகினு வரேன். அதுக்குள்ள புதுச் சரக்கு வந்துடணும். இந்தப் பஞ்சு மணவூரு வரைக்கும்கூட தாங்காது."

ஊரையும் மாட்டையும் குரங்கையும் ஒரு மாதத்தில் மயக்கிவிடலாம், ஆனால் அவை எல்லாம் மயங்கிய பிறகுதான் மாமனார் என்பவர் முகர்ந்து பார்க்கவே சம்மதிக்கிறார்.