தையல் ரீச்சர்

அந்த ஒரு பக்கத்தை எழுதினது நான்தான். ஒருத்தரும் என்னை மிரட்டேல்லை, மாத்தி எழுது எண்டு சொல்லவுமில்லை. இதை முதலே சொல்லிப்போடுறன்.

சண்டைக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில ஒரு பிளாட்டில ரெண்டாம் மாடியில நாங்கள் மூண்டு பேர்: அம்மா, அண்ணா, நான். நான் மாநகரசபை நூலகம் ஒண்டில கிளார்க். மேல் மாடியில ஒரு அன்ரி தனிய இருந்தா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேலை செய்து பென்சன் எடுத்தவ. சிங்களம் அவவுக்குத் தண்ணி பட்ட பாடு. ரவுண்டப் நடந்து தமிழ்ப் பொடியன்களைப் பொலிஸ் ஏத்திக்கொண்டு போனால், தாய்மார் முதல் ஓடுறது அவவின்ர கதவுக்குத்தான். ஐடென்டிற்றி கார்ட் கொப்பி, வேலையிடத்துக் கடிதம், கொழும்பில தங்கிறதுக்கான பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாத்தையும் ஒரு பிளாஸ்ரிக் பையில போட்டுக்கொண்டு பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போவா. போய் அங்க கிடக்கிற மர வாங்கில இருந்திடுவா. பொடியனைக் கண்ணால காணாமல் எழும்ப மாட்டா. புதுக்கடைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முந்தியே எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பா! அதில ஒருத்தன் என்ர அண்ணா.

அந்த வருசம் மகளிர் தினத்துக்கு, ஊருக்குச் சேவை செய்த பெண்களை மாநகரசபை கௌரவிக்கப் போகுதெண்டு சொல்லிச்சினம். எங்கட நூலகப் பொறுப்பாளர் ஒரு சிங்கள மிஸ், நல்ல மனுசி. "தமிழ் ஆள் ஒருத்தரை நீங்களே சொல்லுங்கோ. என்ன செய்தவ எண்டு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ, எங்கட ஃபைலில நிரந்தரமா இருக்கும்" எண்டா. எனக்கு வேற யோசனையே வரேல்லை.

"எனக்கென்னத்துக்கடி உந்தக் கூத்து?" எண்டா அன்ரி. பின்னேரம் கீழ வந்து, எந்தச் சீலை உடுத்தால் வடிவா இருக்கும் எண்டு அம்மாவைக் கேட்டா.

முதல் எழுதினது உண்மை. எழுதிப்போட்டு வாசிச்சன். பொலிஸ், கைது, விடுதலை... இந்தத் தாள் எத்தனை மேசைக்குப் போகும்? ஆரை வெளியில எடுத்தவ எண்டு ஒருத்தன் கேட்டால் முதல் வாறது அண்ணாவின்ர பெயர். பிறகு என்ர வேலை. தாளைக் கிழிச்சன். "வசதி குறைந்த பெண்களுக்குப் பல்லாண்டுகளாகத் தையற்கலை கற்பித்தவர்" எண்டு புதுசா எழுதினன். தையல் எண்டால் ஆர் கேள்வி கேக்கப் போகினம்? அன்ரிக்கு ஊசியில நூல் கோக்கவும் தெரியாது. அவவின்ர பிளவுஸ் ஹூக்கை அம்மாதான் தைச்சுக் குடுக்கிறவ.

மேடையில பெயரை மட்டும்தான் வாசிப்பினம் எண்டு நினைச்சிருந்தன். அண்டைக்குப் பாத்து மிஸ் மைக்கை என்ர கையில தந்திட்டா. "தமிழை நீங்களே வாசியுங்கோ."

ஹோலில தாய்மார் ஆறேழு பேர் வந்திருந்தினம். நான்தான் சொல்லி வரப் பண்ணினது. கொட்டாஞ்சேனையிலயிருந்து ஒரு அம்மா பூமாலையோட வந்து முன் வரிசையில இருந்தா. நான் வாசிக்க வாசிக்க அவவின்ர முகம் மாறிச்சுது.

"தையலோ? என்ர பிள்ளையை மீட்டுத் தந்தவ எண்டு சொல்லு பிள்ளை!"

எல்லாரும் திரும்பிப் பாத்தினம். மைக் என்ர கையில. ஒரு வசனம் காணும். ஐயோ, ஒரே ஒரு வசனம். நான் குனிஞ்சு அடுத்த வரியை வாசிச்சன்.

அன்ரி சிரிச்ச முகத்தோட சான்றிதழை வாங்கினா. பரிசாக் குடுத்த தையல் பெட்டியையும் வாங்கினா. மாலைக்குத் தலையைக் குனிஞ்சா. ஓட்டோவில வரேக்க, "குரல் தெளிவா இருந்தது" எண்டா. எனக்கு அடிச்சது மாதிரி இருந்தது.

"அன்ரி, நான்..."

"பயந்திட்டாய், என்ன?"

நான் ஓட்டோக்காரனுக்குக் குடுக்கக் காசை எண்ணத் தொடங்கினன்.

பத்து நாள் போகேல்லை, அண்ணாவைத் திரும்பப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது. காலமை பாண் வாங்கப் போனவன். "ஓடிப் போய் அன்ரியைக் கூப்பிடு" எண்டு அம்மா கத்துறா. நான் படியில நிண்டன். எந்த முகத்தோட போய்த் தட்டுறது? வெக்கங்கெட்டுத்தான் ஏறினன்.

தட்ட முந்தியே கதவு திறந்தது. அம்மா கத்தினது கேட்டிருக்கும். சீலை உடுத்து ஆயத்தமா நிண்டா. கையில பிளாஸ்ரிக் பை இல்லை, அந்தத் தையல் பெட்டி. மூடியைத் திறந்து சரிபாத்தா. உள்ளுக்கு ஐடென்டிற்றி கார்ட் கொப்பிகள், கடிதங்கள், ரெண்டு பேனை. ஊசி ஒண்டுகூட இல்லை.

"எந்தப் பொலிஸ் எண்டு தெரியுமோ? அவன்ர பதிவுத் துண்டை எடுத்துக்கொண்டு வா. கெதியா."

மன்னிப்புக் கேக்க வாயெடுத்தன். அவ அதுக்குள்ள பாதிப் படி இறங்கிட்டா.

மத்தியானம் அண்ணா வீட்டை வந்திட்டான். அடுத்த நாள் வேலைக்குப் போன உடன அந்த ஃபைலை எடுத்தன். மிஸ்ஸும் இன்னும் வரேல்லை. உண்மையை எழுதி மாத்துவம் எண்டு வெள்ளைத் தாள் ஒண்டும் பேனையும் எடுத்து வைச்சன். முழுப் பக்கத்தையும் ஒருக்கால் வாசிச்சன். பிறகு ஃபைலை மூடி, இருந்த இடத்திலயே வைச்சிட்டன்.